மணி அடித்தால் பதில் வேண்டும்
தங்கவயல் சுரங்கக் கூண்டிலிருந்து இணைய வேண்டுகோள் வரை

தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே தமிழர் கூடி வாழ்ந்த ஊர்களைக் கணக்கெடுத்தால், கோலார் தங்கவயலுக்கு முன்வரிசையில் ஓர் இடம் உண்டு. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிய ஊர் அது. அவ்வூரைப் பற்றி எழுதுவோர் தங்கத்தைப் பற்றி எழுதுவார்கள், வெள்ளைக்காரர் பங்களாக்களைப் பற்றி எழுதுவார்கள், தொழிலாளர் போராட்டங்களைப் பற்றி எழுதுவார்கள். அவை யாவும் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் இதுவரை அதிகம் பேசப்படாத ஒரு சிறு பொருளைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அது சுரங்க வாயில் தொங்கிய மணிக்கயிறு.

மணிக்கயிற்றுக்கும் இன்று பெங்களூரில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளின் வேலைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் தங்கை மகள் ஒரு நாள் தன் வேலைக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டும் வரை அந்த உறவு எனக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் வரலாற்றைப் பார்த்துவிடுவோம்.

பூமிக்குள் மூன்று கிலோமீட்டர்

கோலார்ப் பகுதியில் மக்கள் பொன் எடுப்பதை 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற நில அளவை அதிகாரி கண்டு எழுதிவைத்தார். அக்குறிப்பைப் படித்த மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரர், 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தோண்டிப் பார்த்தார். அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. 1880இல் லண்டன் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்த பிறகுதான் சுரங்கம் சுரங்கமாயிற்று. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் பெருகின. 1894இல் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்நாளில் உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது.

தங்கத்தைத் துரத்திக்கொண்டு ஆழம் போய்க்கொண்டே இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அவ்வளவு ஆழத்துக்கு ஒரே கூண்டில் இறங்கிவிட முடியாது. ஒரு குழியில் இறங்கி, உள்ளே நடந்து, அடுத்த குழியில் இன்னொரு கூண்டில் ஏறி, இப்படிக் கட்டம் கட்டமாகப் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி எஞ்சின், தனி ஓட்டுநர், தனி மணி.

இங்கேதான் நம் பொருள் வருகிறது. கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் எஞ்சின் ஓட்டுநருக்குக் கூண்டு கண்ணில் படாது. அவர் எஞ்சின் வீட்டில் இருக்கிறார். ஆட்களோ பல ஆயிரம் அடி கீழே இருக்கிறார்கள். அவர் கண் முன்னே இருப்பது கூண்டு எந்த ஆழத்தில் நிற்கிறது என்று காட்டும் முள். காதுக்கு வருவது மணிச்சத்தம். இந்த இரண்டை நம்பித்தான் ஒரு கூண்டு நிறைய மனித உயிர்களை அவர் இழுத்தார், இறக்கினார்.

மணியின் இலக்கணம்

பிரிட்டிஷ் சுரங்கங்களில் உருவாகி இந்தியச் சுரங்க விதிகளிலும் இடம்பெற்ற மணிக்குறிகள் மிகச் சில. ஓடும்போது 1 அடித்தால் நிறுத்து. நின்றிருக்கும்போது 1 அடித்தால் மேலே ஏற்று. 2 அடித்தால் கீழே இறக்கு. 3 அடித்தால் ஆட்கள் ஏறப் போகிறார்கள் என்று பொருள். அந்த மூன்றுக்கு எதிரே மறுபடி 3 மணி பதிலாக வந்தால்தான் ஆட்கள் கூண்டுக்குள் கால் வைக்கலாம்.

என் தகப்பனார் சாம்பியன் ரீஃப் பக்கம் கூண்டருகே நின்று மணி கொடுக்கும் வேலை பார்த்தவர். வீட்டில் அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் நாங்கள் அவசரப்பட்டு எதையாவது செய்தால் மட்டும் ஒரு வார்த்தை சொல்லுவார்: "மூணு அடிச்சா போதுமாடா? மூணு திரும்பி வரணும். வராத வரைக்கும் ஏறக்கூடாது. எவன் அவசரப்படுத்தினாலும் ஏறக்கூடாது."

இந்த விதிகளில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, சொற்கள் மிகக் குறைவு. தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என நான்கு மொழி புழங்கிய இடத்தில் மணிக்கு மொழி கிடையாது. இரண்டாவது, மிக அவசரமான சொல்லுக்கு மிகச் சிறிய ஒலி. கீழே ஏதோ தப்பு நடந்தால் மனிதன் பதற்றத்தில் கயிற்றை ஒரு தரம்தான் இழுப்பான், ஆகவே ஒன்று என்றால் நிறுத்து. மூன்றாவது, யார் வேண்டுமானாலும் மணி அடிக்கக்கூடாது. அதிகாரம் பெற்றவர் மட்டுமே அடிக்கலாம். நான்காவது, குறிகளை எல்லோர் கண்ணிலும் படும்படி மேலேயும் கீழேயும் எஞ்சின் வீட்டிலும் எழுதி மாட்ட வேண்டும். ஐந்தாவதும் முக்கியமானதும், பதில் வராவிட்டால் செயல் இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. ஒரே ஒலிக்கு இரண்டு பொருள் இருக்கிறது பாருங்கள். கூண்டு நிற்கிறதா ஓடுகிறதா என்பதைப் பொறுத்து ஒன்று என்ற மணி 'நிறுத்து' ஆகும், அல்லது 'ஏற்று' ஆகும். இரு பக்கத்தாரும் கூண்டின் நிலையை ஒரே மாதிரி அறிந்திருந்தால் மட்டுமே இது சரிப்படும். 'நிறுத்து' என்பதற்குச் சிறிய ஒலி வேண்டும் என்பதற்காக இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார்கள். விதி செய்கிறவன் எதையோ பெற எதையோ விட்டுக்கொடுக்கிறான். அதை அறிந்து விட்டுக்கொடுத்தானா, அறியாமல் விட்டானா என்பதே அவன் தரத்தைக் காட்டும்.

மேலே உள்ளவன் செய்த விதியைக் கீழே உள்ளவன் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கும் தங்கவயலில் ஒரு பாடம் உண்டு. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது, எங்களைக் குற்றவாளிகளாக்கவா என்று கேட்டு 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விதியின் கீழ் வாழப்போகிறவனிடம் கேட்காமல் செய்யப்படும் விதிக்கு இதுதான் கதி. மணிக்குறி நிலைத்து நின்றதற்குக் காரணம், கூண்டில் ஏறுகிறவனுக்கும் அது காவலாக இருந்தது என்பதே.

ஜெனீவாவில் ஒரு மணி

இனி வேறோர் இடத்துக்குப் போவோம். 1989 மார்ச்சில் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர், ஆய்வாளர்களின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்க ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே வலை. வலையில் கேட்பதற்கும் பதில் சொல்வதற்கும் அவர் வகுத்த ஒப்பந்தத்துக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். துகள் இயற்பியலாருக்காகப் பிறந்த இந்த வலையை நினைக்கும்போது, அதே இயற்பியலுக்கு எங்கள் ஊர் தந்த கொடையும் நினைவுக்கு வருகிறது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்க ஆழத்தில் டாட்டா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து அறிஞர்களும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டார்கள். அந்த ஆய்வுக் கருவிகளும் கூண்டில்தான் இறங்கின. அவற்றுக்கும் மணி அடிக்கத்தான் வேண்டியிருந்தது.

1991இல் எச்.டி.டி.பி.க்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது: 'கெட்', அதாவது 'கொடு'. பதிலாக ஒரு பக்கம் வரும், இணைப்பு அறுந்துவிடும். தவறு நேர்ந்தாலும் மனிதன் படிக்க ஒரு பக்கம்தான் வரும். அது தவறு என்று கருவி அறிய வழியில்லை. 1996இல் வந்த 1.0 பதிப்பில் பதிலுக்கு எண்கள் சேர்ந்தன. 200 என்றால் சரி, 404 என்றால் கேட்டது இங்கே இல்லை, 5இல் தொடங்கினால் கோளாறு பதில் சொல்லும் பக்கத்தில். மணியைப் போலவே எண்ணுக்கும் மொழி இல்லை.

1997இல் வந்த 1.1 பதிப்பில் ஒரு விதி இருக்கிறது. பெரிய சரக்கை அனுப்புமுன், "அனுப்பலாமா?" என்று முன்கூட்டிக் கேட்டு, 100 என்ற எண் பதிலாக வந்த பிறகு சரக்கை அனுப்பலாம். முதல் தரம் இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்றுக்கு மூன்று! ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. இங்கே பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சரக்கை அனுப்பிவிடலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. போவது எழுத்து, ஏறுவது மனிதன் அல்லவே.

மணியின் இரட்டைப் பொருள் என்ற குறையையும் எச்.டி.டி.பி. தவிர்த்தது. ஒவ்வொரு வேண்டுகோளும் தன் பொருளைத் தானே சுமந்துபோக வேண்டும், முன்பு என்ன பேசினோம் என்பதை நம்பி இருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படை. இடையிலே பல கைமாறிப் போவதும் சுரங்கக் கட்டங்களைப் போலத்தான். நடுவில் நிற்பவன் அடுத்த கட்டத்திலிருந்து குறித்த நேரத்தில் பதில் பெறவில்லை என்றால், அதைச் சொல்லவே 504 என்று ஓர் எண் இருக்கிறது.

கேட்பவனின் கருவி

ஒப்பந்தம் வேறு, அதைக் கொண்டு கேட்க உதவும் கருவி வேறு. மணிக்குறி ஒப்பந்தம் என்றால் கயிறும் கைப்பிடியும் கருவி. நிரல் எழுதுவோர் கையில் பிடிக்கும் இந்தக் கைப்பிடியை நிரல் இடைமுகம் என்பர், வழக்கில் ஏ.பி.ஐ. கைப்பிடி கோணலாக இருந்தால் நல்ல ஒப்பந்தமும் கெடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஜாவா மொழி. 1996இல் வெளிவந்த அம்மொழியில் 1997 முதல் எச்.டி.டி.பி. கேட்க ஒரு கைப்பிடி இருந்தது. எச்.டி.டி.பி.க்கு மட்டுமன்றி அந்நாளில் இருந்த பலவகை ஒப்பந்தங்களுக்கும் பொதுவாக அதன் அடித்தளம் போடப்பட்டது. பிற்பாடு மற்றவை மங்கிப் போயின, பொதுமையின் பாரம் மட்டும் மிஞ்சியது. அதில் 'இணைப்பைத் திற' என்ற கட்டளை உண்மையில் இணைப்பைத் திறப்பதில்லை, பிறகு எப்போதோதான் திறக்கும். 'கொடு' என்று கேட்க நினைத்து, எழுதும் வழியைத் தொட்டால் அது தானாகவே 'போஸ்ட்' ஆகிவிடும், அதாவது 'இதை வாங்கிக்கொள்' என்று பொருள் மாறிவிடும். 404 என்பதும் ஒரு பதில்தான். அந்தப் பதிலை விபத்தாகக் காட்டிக் கையைச் சுடும். பதில் வரும் வரை அந்த நூல் வேறு வேலை செய்யாமல் காத்துக் கிடக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று. இணைப்பு நடுவில் அறுந்தால், 'போஸ்ட்' வேண்டுகோளையும் கேட்காமல் கொள்ளாமல் இன்னொரு தரம் அனுப்பிவிடும் வழக்கம் அதற்கு இருந்தது. 'கொடு' என்பதை இரண்டு தரம் சொன்னால் கெடுதல் இல்லை. 'இந்தப் பணத்தை எடுத்துக்கொள்' என்பதை இரண்டு தரம் சொன்னால்?

இக்குறைகளைப் பட்டியலிட்டு ஜாவாவுக்குப் புதிய கைப்பிடி வகுத்தார்கள். 2017 செப்டம்பரில் 9ஆம் பதிப்போடு அதைச் சோதனைக்கு விட்டார்கள். இந்நிலைக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'அடைகாத்தல்' என்று பொருள். அனைவரும் தொட்டுப் பார்க்கட்டும், குறை சொல்லட்டும், அதுவரை முட்டை ஓட்டுக்குள் இருக்கட்டும் என்பது கருத்து. சொன்னார்கள், மாற்றினார்கள். உட்கூறுகளின் பெயர்கள்கூட மாறின. அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்து, வெளியிடுவோன், பெறுவோன் என்று பொருள் தரும் இரு பெயர்களாக்கினார்கள். 2018 செப்டம்பரில் 11ஆம் பதிப்பில் அது நிலைபெற்றது. இப்போது 404ஐப் பதிலாகவே தருகிறது. காத்திருந்தும் கேட்கலாம், காத்திராமலும் கேட்கலாம். வேறிடம் போ என்று பதில் வந்தால், நாம் சொல்லாமல் அது போவதில்லை.

அதிலும் குறை உண்டு. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நாம் சொல்லாவிட்டால், பதிலுக்கு அது காலவரையின்றிக் காத்திருக்கும். கேட்டதைப் பாதியில் 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்லும் வசதி ஒழுங்காக அமைய 2021இல் 16ஆம் பதிப்பு வர வேண்டியிருந்தது. சுரங்கத்தில் முதலில் வைத்த மணி 'நிறுத்து'. இங்கே அது கடைசியில் வந்தது.

மூன்று தலைமுறை ஒரு மேசையில்

இனி என் தங்கை மகள் கதைக்கு வருகிறேன். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது அவள் கைக்குழந்தை. அதற்குப் பின் எங்கள் ஊர் பிழைத்தது ரயிலால். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ஏறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவு திரும்பும் ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவனாக இருந்தேன். அவள் பொறியியல் படித்து, பெங்களூரில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தாள். கூலி ஆட்களுக்கு வாரச் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பும் மென்பொருள் அவர்கள் செய்வது. அதற்காகப் புதிதாக ஒரு எச்.டி.டி.பி. கைப்பிடியை அவள் வடிவமைத்திருந்தாள். அலுவலகக் கூட்டத்தில் வைக்குமுன், "மாமா, ஒரு தடவ பாத்துடு" என்று காகிதத்தை நீட்டினாள்.

நன்றாகத்தான் செய்திருந்தாள். பெயர்கள் தெளிவு. பத்து நொடிக்கு மேல் காத்திருப்பதில்லை. ஆனால் ஒரு வரி கண்ணில் பட்டது: பதில் வராவிட்டால் மூன்று தரம் மறுபடி அனுப்பு.

"எதுக்கும்மா மூணு தரம்?"

"நெட்வொர்க் போயிடுச்சின்னா? ஜனங்களுக்குச் சம்பளம் போவணுமே மாமா."

"பதில் வரலன்னா பணம் போவலன்னு எப்படி முடிவு பண்ணின?"

அவள் பதில் சொல்லவில்லை. நான் அவளுடைய தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். மூன்று அடித்து மூன்று வராவிட்டால் அதற்குப் பல காரணம் இருக்கலாம். மணி மேலே கேட்காமல் போயிருக்கலாம். கேட்டும் ஓட்டுநர் பதில் அடிக்காமல் இருந்திருக்கலாம். அவர் அடித்தும் கீழே கேட்காமல் போயிருக்கலாம். இந்த மூன்றும் கீழே நிற்பவனுக்கு ஒரே மௌனமாகத்தான் தெரியும். மௌனத்துக்கு இதுதான் பொருள் என்று தானாக ஒன்றை வைத்துக்கொண்டு கூண்டில் ஏறியவன் பிழைத்துக்கொள்ளலாம், பிழைக்காமலும் போகலாம். "மௌனம் 'இல்ல'ன்னும் ஆவாது, 'சரி'ன்னும் ஆவாதும்மா. மௌனம்னா தெரியல, அவ்ளோதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனா எடுத்தாள். 'கொடு' வகை வேண்டுகோளுக்கு மட்டும் மறு அனுப்புதலை விட்டுவைத்தாள். பணம் அனுப்பும் வேண்டுகோள் ஒவ்வொன்றுக்கும், அனுப்புமுன்பே, வேறெதற்கும் வராத ஓர் எண்ணைத் தருவதென்று எழுதினாள். மறுபடி அனுப்ப நேர்ந்தால் அதே எண்ணோடு போகும். இந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் வங்கிப் பக்கம் இரண்டாம் தரம் பணம் எடுக்காது, முதல் தரத்துப் பதிலையே திருப்பிச் சொல்லும். எதிர்ப்பக்கம் இந்த எண்ணை மதிக்க ஒப்புக்கொள்ளாத இடங்களில், மறுபடி அனுப்பக்கூடாது, 'என்ன ஆயிற்று' என்று மட்டும் கேட்க வேண்டும் என்றும் சேர்த்தாள். கடைசியில் அவளாகவே ஒரு வரி எழுதினாள்: இவ்விதிகள் எல்லாம் கைப்பிடியின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், உள்ளே ஒளிந்திருக்கக்கூடாது.

"மேலயும் கீழயும் எஞ்சின் வீட்லயும் மாட்டற பலகை. அப்படித்தான மாமா?" என்றாள். அப்படித்தான்.

கூட்டத்தில் சிலர், இதனால் வேகம் குறையும், வேலை கூடும் என்றார்களாம். இரண்டு தரம் பணம் போனால் அதைத் திரும்ப வாங்கப் போவது யாருடைய கூலியிலிருந்து என்று இவள் கேட்டிருக்கிறாள். வடிவம் ஏற்கப்பட்டது.

முடிவாக

நம்மவர் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. தாத்தா மண்ணுக்குள் உடலுழைப்பு செய்தார், பேத்தி குளிரூட்டிய அறையில் மூளை உழைப்பு செய்கிறாள், இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்கள். இது தவறு என்றே எனக்குப் படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒருவனிடம் ஒரு செயலைக் கேட்பது, அவன் கேட்டானா என்று உறுதி செய்துகொள்வது, பதில் வராதபோது கையை அடக்கிக்கொள்வது, அபாயத்தில் நிறுத்தச் சொல்வது ஆகிய நான்கும் சேர்ந்தது ஓர் அறிவு. அந்த அறிவை உயிரைப் பணயம் வைத்துக் கற்றவர்கள் தங்கவயல் தொழிலாளர்கள். சயனைடு மேடுகளைப் போல அது ஊரில் குவிந்து கிடக்கிறது. எடுத்துப் பயன்படுத்துவோர்தாம் குறைவு.

சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் எத்தனை டன் பாறை, எத்தனை அவுன்ஸ் தங்கம் என்று மட்டும் கேட்காதீர்கள். "மணி எப்படித் தாத்தா அடிப்பீங்க? பதில் வரலன்னா இன்னா செய்வீங்க?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அவர்கள் அடித்த மணிக்கு நாம் கொடுக்க வேண்டிய பதில் மணி இன்னும் பாக்கி இருக்கிறது.